விரயம் பொறாத மனிதர் ஜி. டி. நாயுடு

சித்தூரில் என் தந்தையார் நடத்தும் மோட்டார் ரீவைண்டிங் கடையின் சுவரில் இரண்டு படங்கள் தொங்குகின்றன. ஒன்று ஏழுமலையான், மற்றொன்று ஜி. டி. நாயுடு. காலையில் கடையைத் திறந்ததும் இரண்டு படங்களுக்கும் ஊதுவத்தி காட்டிவிட்டுத்தான் தந்தையார் வேலையைத் தொடங்குவார். தெய்வத்தின் பக்கத்தில் ஒரு மனிதர் எதற்கு என்று சிறு வயதில் நான் கேட்டதுண்டு. நமக்குச் சோறு போடும் தொழிலை நம் ஊருக்குக் கொண்டுவந்தவர் அவர்தாம் என்பதே தந்தையாரின் பதில்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். தந்தையார் பீளமேட்டில் ஒரு மோட்டார்க் கம்பெனியில் காயில் கட்டும் வேலை கற்றவர். எனக்கு ஆறு வயதானபோது பிழைப்பைத் தேடிச் சித்தூருக்கு வந்தோம். மாந்தோப்புகளும் ஆழ்துளைக் கிணறுகளும் நிறைந்த மாவட்டம் இது. கோடையில் வோல்டேஜ் இறங்கினால் எரிந்துபோன மோட்டார்கள் கடைக்கு வந்து குவியும். அந்த மோட்டார்களின் புண்ணியத்தால்தான் இன்று நான் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. பௌதிகம் படிக்கிறேன்.

நாயுடுவைப் பற்றி நான் எழுதப் புகுந்ததற்கு ஒரு குடும்பச் சண்டையே காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் தந்தையாருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. ஒரு மோட்டாரையும் ஓர் ஆல்டர்னேட்டரையும் பெல்ட் போட்டு இணைப்பது. மோட்டார் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும், ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரமே மோட்டாரைச் சுழற்றும். ஒரு முறை தள்ளிவிட்டால் போதும், அப்புறம் கரண்ட்டும் வேண்டாம், டீசலும் வேண்டாம். வீணாகும் சக்தியெல்லாம் சுற்றித் திரும்பி வந்துவிடும் என்று அவர் நம்பினார். சேமித்து வைத்திருந்த பணத்தில் பெரும் பகுதியை அதில் போட்டார். நானோ அப்போது பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவன். மோட்டார் 100க்கு 85 தரும். அந்த 85இல் ஆல்டர்னேட்டர் மறுபடி 100க்கு 85 தரும். ஆக ஒரு சுற்றில் 100 என்பது 72 ஆகிவிடும். இரண்டாவது சுற்றில் 52. சில நொடிகளில் எல்லாம் நின்றுவிடும் என்று கரும்பலகைப் பாடம்போல் அவருக்குச் சொன்னேன். கடைக்கு வந்த வாடிக்கையாளர்களின் எதிரில் சொன்னேன் என்பதுதான் என் குற்றம். படிக்காத நாயுடு செய்தவற்றில் நூற்றில் ஒன்றைப் படித்த நீங்கள் செய்ததுண்டா என்று அவர் கேட்டார். அதன் பிறகு ஒரு மாதம் எங்களிடையே பேச்சு இல்லை. இயந்திரமும் நான் சொன்னபடியே நின்றது. அதனால் எனக்கு மகிழ்ச்சி ஏதும் உண்டாகவில்லை.

அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற வீம்பில்தான் நாயுடுவின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது பதில் எனக்கும் சேர்த்துக் கிடைத்தது.

நண்பர்களே, நாம் தெலுங்கு நாட்டில் வாழும் தமிழர்கள். நாயுடு தமிழ்நாட்டில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், கோபால்சாமி நாயுடு என்னும் உழவருக்கு மகனாகப் பிறந்தார். துரைசாமி என்பது பெயர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. வயல் வேலைக்குப் போனார்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அந்த ஊர்ப்பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடுகிறது! இளைஞர் துரைசாமி கண்டார், மலைத்தார், அப்படியொரு வண்டி தமக்கும் வேண்டும் என்று உறுதி பூண்டார். கோவைக்குச் சென்று ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்துப் பணம் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஏறிச் சவாரி செய்து மகிழ்ந்தாரா என்றால், அதுதான் இல்லை. வண்டியைப் பிரித்துப் போட்டார். ஒவ்வோர் உறுப்பும் எதற்கு என்று பார்த்தார், மறுபடி பூட்டினார். அவருக்குக் கல்லூரி அந்த மோட்டார் சைக்கிள்தான்.

பிறகு பஞ்சு வியாபாரத்தில் இறங்கித் திருப்பூரில் பொருள் ஈட்டினார். அதைப் பம்பாய்ச் சந்தையில் போட்டு இழந்தார். கையில் தொழில் அறிவு மட்டும் மிஞ்சியது. அந்த நிலையில் அவருக்குத் துணை நின்றவர் கோவையின் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை. அவர் உதவியால் ஒரு பஸ்ஸைப் பெற்று 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே, மெக்கானிக்கும் அவரே. அந்த ஒற்றை பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆக வளர்ந்தது. 1933ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 280 வண்டிகள் அவரிடம் இருந்தன.

இங்கேதான் நான் நின்று கவனித்தேன். பஸ் முதலாளிகள் அந்நாளில் பலர் இருந்தனர். நாயுடுவை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது எது? விரயத்தை அவரால் பொறுக்க முடியவில்லை. அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் பிரயாணிகள் நிலையத்தில் காத்துக் கிடக்கிறார்களா? அவர்கள் காலம் வீண். அடுத்த வண்டியின் நேரத்தைக் காட்டும் கருவியை நிலையத்தில் வைத்தார். கண்டக்டர் கையால் டிக்கெட் எழுதிக்கொண்டு நிற்கிறாரா? அதற்கும் ஓர் இயந்திரம் செய்தார். எஞ்சின் உள்ளே ஏதோ பழுது, வெளியே தெரியவில்லை, நல்ல பாகம் கெடும்வரை வண்டி ஓடுகிறதா? எஞ்சினின் அதிர்வை அளந்து குறையைக் கண்டுபிடிக்கும் கருவியைச் செய்தார்.

பௌதிக மாணவனாக இந்தக் கடைசிக் கருவியைப் பற்றி ஒரு சொல். எஞ்சினில் எரியும் எண்ணெயின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கோ சற்று மேலோதான் சக்கரத்தை நோக்கிப் போகிறது. எஞ்சிய பெரும்பங்கு புகையோடும் ரேடியேட்டர் வெந்நீரோடும் வெளியேறுகிறது. இதில் ஒரு பகுதியை எவராலும் தடுக்க முடியாது. வெப்பத்தை வேலையாக மாற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு என்று 1824ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு இளைஞர் சாதி கார்னோ காட்டிவிட்டார். ஆனால் தேய்ந்த பேரிங்காலும், சரியாகப் பொருந்தாத உறுப்பாலும் போகும் சக்தியைத் தடுக்க முடியும். எஞ்சின் நடுங்குகிறது என்றால் வண்டியைத் தள்ள வேண்டிய சக்தி அதன் உடலை உலுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நாயுடு கார்னோவைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தடுக்க முடிந்த விரயம் எது என்று காட்ட அவர் காதும் கையும் போதுமாயிருந்தன.

அடுத்து மோட்டார். பைகாரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின, கிணற்றுக்கு மின்சாரம் கிடைத்தது. மின்சாரம் நம்முடையது, அதை வேலையாக மாற்றும் மோட்டாரோ கப்பலில் வந்தது. 1937ஆம் ஆண்டு நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையில் மோட்டாரை உள்நாட்டிலேயே செய்து காட்டினர். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைப் போற்றுவர். அங்கே விழுந்த விதைதான் பின்னாளில் கோவையை மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்போன ஊராக ஆக்கியது. என் தந்தையார் கற்ற காயில் கட்டும் தொழிலும் அந்த வழியில் வந்ததே. ஊதுவத்தியின் பொருள் எனக்கு இப்போது புரிகிறது.

அவருடைய மற்றப் படைப்புகளை எண்ணி முடியாது. உலர்ந்த மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார் வைத்த ரசாந்த் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, கள்ள வோட்டுக்கு இடந்தராத வாக்குப்பதிவு இயந்திரம், கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி என்று பட்டியல் நீளும். உழவிலும் கைவைத்து விதவிதமான பருத்தியும் பயிரும் வளர்த்தார். மேனாடுகளைச் சுற்றிப் பார்த்தார். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். சர் சி. வி. ராமனே வியந்து பாராட்டிய மனிதர் அவர்.

அந்தப் பட்டியலில் ஒரு பொருள் மட்டும் என்னை நிறுத்தியது. அது மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி. மின்சாரம் எட்டாத ஊர்களுக்கு அது. அந்நாளில் புழங்கிய மண்ணெண்ணெய் விசிறிகள் பெரும்பாலும் வெப்பக்காற்று எஞ்சினால் ஓடியவை. கீழே சிறு விளக்கு. உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரியும், குளிர்ந்து சுருங்கும். அந்த அசைவில் விசிறி சுழலும். இந்த எஞ்சினை 1816இல் கண்டவர் ராபர்ட் ஸ்டர்லிங் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். குளிரப்போகும் காற்று தன் வெப்பத்தை வழியில் ஓர் உலோகத் திரளில் விட்டுச் செல்லும். திரும்பி வரும்போது அதையே எடுத்துக்கொள்ளும். வீணாகப் போயிருக்கும் வெப்பத்தை மீட்பது என்றால் இதுதான். ஆனால் மீட்பது என்பது வேறு, புதிதாகப் படைப்பது வேறு. கீழே விளக்கு எரியாவிட்டால் மேலே விசிறி ஓடாது.

தந்தையாருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். நாயுடு ஒருபோதும் ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றை எடுத்தவர் அல்லர். எது வீணாகிறது என்று பார்த்தார், அதில் எவ்வளவு மீளும் என்று பார்த்தார், அதை மீட்டார். ஒரு பஸ்ஸில் வந்த வருவாயை அடுத்த பஸ்ஸில் போட்டார். பஸ்ஸில் வந்த வருவாயை மோட்டாரிலும் ரேடியோவிலும் போட்டார். அவற்றில் வந்ததைத் தொழிற்கல்வியில் போட்டார்.

கல்வி என்றதும் எனக்கு நெஞ்சில் முள் தைக்கிறது. 1945ஆம் ஆண்டு கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் அவர் முயற்சியாலும் கொடையாலும் எழுந்தன. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. பள்ளிப்படிப்பை முடிக்காத நாயுடு அங்கே முதல்வராக அமர்ந்தார். அமர்ந்தவர் அந்த விரயத்தைக் கேட்கும் கண்ணால் பாடத்திட்டத்தையும் பார்த்தார். நான்கு ஆண்டுப் படிப்பு வேண்டியதில்லை, பாதிக் காலத்தில் கற்பித்துவிடலாம் என்று வாதாடினார். அரசாங்கம் ஒப்பவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். அதன் பிறகும் இளைஞர்களைக் கூட்டிக் குறுகிய காலப் பயிற்சிகளை அவர் விடாமல் நடத்தினார். கல்லூரி பின்னர் வேறிடத்துக்குப் போய் வேறு பெயர் பெற்றது. ஆயினும் கோவை அவினாசி சாலையில் அந்த இடத்தை இன்றும் மக்கள் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர்.

எம்.எஸ்சி. படிக்கும் நான் இதற்கு என்ன பதில் சொல்வது? பாதியை ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஆண்டு பி.எஸ்சி. படிப்பில் ஒரு மோட்டாரைக்கூட நான் என் கையால் பிரித்ததில்லை. கடையில் பத்தாவது தேறாத பையன் ஒருவன் இருக்கிறான். காயிலைத் தொட்டுப் பார்த்து, வார்னிஷ் கருகிய வாடையை முகர்ந்து, எந்த ஃபேஸ் போயிற்று என்று சொல்லிவிடுவான். அவனுக்கு ஆறு வாரத்தில் வந்தது எனக்கு மூன்று ஆண்டில் வரவில்லை. இந்த இடத்தில் நாயுடு சொன்னது சரியே.

மறுபாதியை ஒப்பமாட்டேன். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஏன் எரிகிறது? நீரை மேலே தள்ளும் வேலை குறையவில்லை. ஆகவே மோட்டார் கரண்ட்டை அதிகம் இழுக்கிறது. கரண்ட் இரண்டு மடங்கானால் காயிலில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகிறது. இது தெரிந்தால் எரிந்த மோட்டாரைக் கட்டுவதோடு நில்லாமல் எரியாதபடியும் காக்கலாம். முடிவில்லாமல் தானே ஓடும் இயந்திரத்தில் சேமிப்பைப் போடாமலும் இருக்கலாம். எல்லை எங்கே என்று அறிய ஆறு வாரம் போதாது. அந்த அறிவுக்குக் கொடுத்த ஆண்டுகள் விரயம் அல்ல. ஆனால் அந்த அறிவைத் தந்தையை ஊரார் முன் தாழ்த்தப் பயன்படுத்தினேனே, அது விரயம்.

நாயுடுவின் கடைசிக் காலத்தை எண்ணும்போது இந்த எண்ணம் இன்னும் வலுக்கிறது. ஏழைக்கும் எட்டும் விலையில், 70 ரூபாய்க்கு, ஐந்து வால்வு ரேடியோ தர முனைந்தவர் அவர். 1952ஆம் ஆண்டு இருவர் செல்லும் சிறு காரை 2000 ரூபாய் விலைக்குத் தர முன்வந்தார். லைசென்ஸ் கிடைக்கவில்லை. அந்தக் கார் சாலைக்கு வரவே இல்லை. வெப்பம் வீணாவது இயற்கை விதி. ஒரு மனிதரின் திறமை வீணாவதற்கு எந்த விதியும் இல்லை. மனிதர்கள் வைத்த கதவுகள்தாம் காரணம். அப்படியும் அவர் ஓய்ந்துவிடவில்லை. தாம் சேர்த்த பொருள்களையும் இயந்திரங்களையும் மக்கள் பார்த்துக் கற்கும்படி கோவையில் தொழிற்கண்காட்சியாக அமைத்தார். 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அவினாசி சாலை மேம்பாலம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனித் திருப்பதிக்கு வருகிறேன். சென்ற விடுமுறையில் தந்தையார் சித்தூரிலிருந்து பாகாலை வழியாக ரயிலில் வந்தார். இருவரும் திருமலைக்குச் சென்றோம். மேலே ஏறும் மலைப்பாதை நாயுடு மறைந்த 1974ஆம் ஆண்டில் வந்தது. கீழே இறங்கும் பழைய பாதை 1944இல், அதே ஆர்தர் ஹோப் கவர்னராக இருந்தபோது வந்தது. 2022 முதல் இந்த மலையில் மின்சார பஸ்களும் ஓடுகின்றன. திரும்பும்போது அப்படி ஒன்றில் ஏறினோம்.

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறங்கியது. பழைய டீசல் பஸ்ஸில் இறங்கும்போது பிரேக் கருகும் நாற்றம் வரும் என்று தந்தையார் நினைவுகூர்ந்தார். ஏன் என்று நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வண்டியும் ஆட்களும் சேர்ந்து 12 டன் என்று கொள்வோம். திருமலைக்கும் திருப்பதிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 700 மீட்டர். அத்தனை எடையை அத்தனை உயரம் ஏற்றினால் அதில் சேரும் சக்தி ஏறத்தாழ 23 யூனிட் மின்சாரம். டீசல் பஸ் கீழே வந்து சேர்வதற்குள் அந்த 23 யூனிட்டும் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகிக் காற்றில் போய்விடும்.

மின்சார பஸ்ஸில் அப்படியில்லை. 1873ஆம் ஆண்டு வியன்னாக் கண்காட்சியில் கிராம் என்பவரின் இரண்டு டைனமோக்களை இணைத்தபோது, ஒன்றில் பிறந்த மின்சாரத்தால் மற்றொன்று மோட்டாராகச் சுழன்று பார்த்தவர்களை வியப்பில் ஆழ்த்தியது. மின்சாரம் கொடுத்தால் மோட்டார், சுழற்றிவிட்டால் டைனமோ, இயந்திரம் ஒன்றே. மலையிறங்கும் பஸ் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. மோட்டார் மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த இழுப்பே வண்டியின் வேகத்தையும் கட்டுப்படுத்துகிறது. ஏறும்போது செலவிட்டது முழுவதும் திரும்பாது. ஒரு பங்கு திரும்பும்.

தந்தையார் தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, மலை நமக்குக் கொடுப்பது எதுவும் இல்லை, நாம் ஏறும்போது கொடுத்து வைத்ததில்தான் கொஞ்சம் திருப்பித் தருகிறது என்று மெல்லச் சொன்னார். நான் நான்கு ஆண்டுகளாகச் சொல்லத் தெரியாமல் இருந்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மோட்டாரும் டைனமோவும் ஒன்றுதான் என்று அவர் கை அறிந்தது சரியாகவே இருந்தது. எல்லையை மட்டும்தான் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அதை மரியாதையோடு சொல்லியிருந்தால் ஒரு மாதப் பேச்சு மிஞ்சியிருக்கும்.

அந்த ஆல்டர்னேட்டர் இப்போதும் கடையின் மூலையில் இருக்கிறது. ஒரு பழைய டீசல் எஞ்சினோடு அதைப் பூட்டிக் கரண்ட் போகும் நேரத்தில் கடைக்கு வெளிச்சம் தரச் செய்ய வேண்டும் என்று திட்டம். இந்த முறை அவர் பிரித்துப் போடுவார். நான் கணக்குப் போடுவேன். ஸ்பேனரைப் பிடிக்க எனக்கும் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நண்பர்களே, பட்டம் வாங்கிப் போகும் நாம் எந்தத் தொழிலில் நுழைந்தாலும் நாயுடுவின் கேள்வியை முதலில் கேட்போம். இங்கே வீணாவது எது? அதில் மீட்கக்கூடியது எவ்வளவு? அந்தக் கேள்வியை மற்றவர்களின் தொழிலில் கேட்கும் முன், நம்முடைய நாட்களைப் பற்றியும் ஒரு முறை கேட்டுக்கொள்வோம்.